டொனால்டு கீன் போன்றவர்களுக்குச் சோறு போட்டது மொழிபெயர்ப்பா?

மழைக்குருவி:
ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 (ஐந்து நிலைகளில் நடு நிலை) வரை தேறியாயிற்று. டசாய் ஒசாமுவின் 'சாயும் சூரியன்' நாவலை டொனால்டு கீனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரே ராத்திரியில் படித்து முடித்ததிலிருந்து ஒரே யோசனை. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க இதையேவா செய்துகொண்டிருந்தார்? யார் சம்பளம் கொடுத்தார்கள்? வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கவில்லை (வீட்டில் அடி விழும்), இவர்கள் பிழைப்பு எப்படி ஓடியது என்றுதான் கேட்கிறேன்.

பழையகாகிதம்:
சம்பளம் கொடுத்தது கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் பாடம் நடத்தினார், மொழிபெயர்ப்பெல்லாம் அதோடு சேர்ந்து நடந்ததுதான். ஆரம்பம்தான் வேடிக்கை. 1940இல், 18 வயதில், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக்கடையில் ஆர்தர் வேலி மொழிபெயர்த்த 'கெஞ்சி கதை', ஆயிரம் வருஷப் பழைய ஜப்பானிய நாவல், மலிவாக 49 சென்ட்டுக்குக் கிடந்தது. இவ்வளவு தடிமனுக்கு இந்த விலையா என்றுதான் வாங்கினார். அப்புறம் போர் வந்தது, அமெரிக்கக் கடற்படையின் மொழிப்பள்ளியில் சேர்ந்து ஜப்பானிய மொழி படித்தார். முதல் வேலை இலக்கியமே இல்லை, செத்துப்போன ஜப்பானியச் சிப்பாய்களின் ரத்தக்கறை படிந்த நாட்குறிப்புகளைப் படிப்பது. சிலவற்றின் கடைசிப் பக்கத்தில், போர் முடிந்ததும் இதை என் குடும்பத்திடம் சேர்த்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். சேர்த்துவிடலாம் என்று ஒளித்து வைத்தார், சோதனை போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அவரைப் பற்றிப் படித்ததில் மனதை விட்டுப் போகாதது இதுதான். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானுக்கே குடிபோய், மறு வருஷம் குடியுரிமையும் வாங்கிவிட்டார், 89 வயதில்!

சுரங்கப்பாதை:
நாவலாசிரியர் கவாபாட்டாவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த சைடன்ஸ்டிக்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் அதே கடற்படைப் பள்ளிதான், அப்புறம் ஸ்டான்ஃபோர்டு, மிச்சிகன், கொலம்பியா என்று வாத்தியார் உத்தியோகம். 1968இல் கவாபாட்டாவுக்கு நோபல் கிடைத்தபோது, இதில் பாதி சைடன்ஸ்டிக்கருக்குச் சேரவேண்டியது என்று கவாபாட்டாவே சொன்னாராம். கவாபாட்டாவின் 'பனிநாடு' நாவலின் முதல் வரியைப் பாருங்கள். ஜப்பானிய மூலத்தில் கிட்டத்தட்ட 'எல்லையின் நீண்ட சுரங்கத்தைத் தாண்டியதும் பனிநாடாக இருந்தது' என்றுதான் வரும், தாண்டியது ரயிலா ஆளா என்ற பேச்சே கிடையாது. நமக்கு இது உறுத்தாது, 'சாப்பிட்டாச்சா' என்று எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசுகிறவர்கள்தானே நாம். ஆங்கிலத்தில் அது நிற்காது, அதனால் அவர் ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தினார், எல்லையைக் கழற்றிவிட்டார். ரயிலை வெளியே நின்று பார்ப்பதாக ஆகிவிட்டது, மூலத்தில் நாம் ரயிலுக்குள்ளே இருக்கிறோம். இந்த ஒரு வரியை வைத்து இன்னும் சண்டை போடுகிறார்கள்.

கறார்கந்தசாமி:
எல்லாரையும் தூக்கி வைக்காதீர்கள். 'கெஞ்சி'யைத் தந்த வேலி ஜப்பான் பக்கமே போனதில்லை, பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்தபடி தானே படித்துக்கொண்டவர், இஷ்டத்துக்கு வெட்டியும் இருக்கிறார். கீனும் லேசுப்பட்டவரில்லை, நீங்கள் படித்த அதே நாவலில் ஊர் டாக்டர் மரியாதையாக வெள்ளை 'டாபி', அதாவது கட்டைவிரல் பிரிந்த காலுறை, போட்டுக்கொண்டு வருவார். அதை வெள்ளைக் கையுறை ஆக்கிவிட்டார். அமெரிக்க வாசகனுக்குக் காலுறையில் என்ன மரியாதை தெரியப்போகிறது என்ற கணக்கு. எனக்கு இது தப்பாகத்தான் படுகிறது. தம்பி, என்3ஐ வைத்துக்கொண்டு இதற்குள் போக முடியாது, பழைய இலக்கியம் தொடவேண்டுமென்றால் 'புங்கோ' என்கிற பழைய நடை இலக்கணம் தனியாகப் படிக்கவேண்டும்.

மழைக்குருவி:
கையுறையா! இப்போதுதான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. முதல் தடவை ஒன்றுமே தோன்றாமல் தாண்டிப் போயிருக்கிறேன். சரி அண்ணா, புங்கோவை எங்கிருந்து ஆரம்பிப்பது?