கல்வெட்டு ஆய்வேட்டுக்குப் பல எழுத்துமுறைகளைத் தாங்கும் இலவச எழுத்துருக்கள் எவை?

கேள்வி: பொன்னி_ஆய்வு

அனைவருக்கும் வணக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் நிலக்கொடைகளைப் பற்றிய ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து வருகிறேன். ஒரே பக்கத்தில் தமிழ் மூலமும், அதனிடையே கிரந்தத்தில் பொறிக்கப்பட்ட வடமொழிச் சொற்களும், மா, காணி, முந்திரி முதலிய அளவைக் குறிகளும், ரோமன் எழுத்துப்பெயர்ப்பும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னுரை இயலில் தமிழ்ப் பிராமி எடுத்துக்காட்டுகளும் சில உள்ளன. இப்போது பயன்படுத்தும் எழுத்துருவில் தமிழ் சரியாகத் தெரிகிறது. கிரந்தமும் அளவைக் குறிகளும் வெற்றுப் பெட்டிகளாகவே நிற்கின்றன. இவை அனைத்தையும் தாங்கும் ஒரே எழுத்துரு கிடைக்குமா? பின்னாளில் இதை விலைக்குரிய நூலாக வெளியிடும் எண்ணமும் இருப்பதால், உரிமச் சிக்கல் இல்லாத இலவச எழுத்துருவாக இருத்தல் வேண்டும். லினக்ஸில் லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துகிறேன்.

மறுமொழி: அச்சுக்கோப்பு

வணக்கம் அம்மா. எல்லா எழுத்துமுறைகளையும் ஒரே கோப்பில் அடைத்த எழுத்துருவைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் முதல் கருத்து. ஓப்பன்டைப் வகை எழுத்துருக் கோப்பு ஒன்று 65,535 வடிவுருக்களை, அதாவது எழுத்து உருவங்களை, மட்டுமே கொள்ளும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய யூனிகோடிலோ ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குறியீடுகள் உள்ளன. ஆகவே, ஒரே வடிவமைப்புக் கொள்கையில் எழுத்துமுறைக்கு ஒரு கோப்பாக வரையப்பட்ட குடும்பத்தை நாடுவதே முறை. கூகுள், மோனோடைப் நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கி, 2016 அக்டோபரில் நூறு எழுத்துமுறைகளுக்கும் 800 மொழிகளுக்கும் உரியது என்று அறிவித்த நோட்டோ குடும்பம் அத்தகையது.

உங்கள் தேவைக்கு அதில் ஐந்து கோப்புகள் போதும். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், கிரந்தத்துக்கு நோட்டோ செரிஃப் கிரந்தம், ரோமனுக்கு நோட்டோ செரிஃப். அளவைக் குறிகள் 2019இல் வெளிவந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில்தான் தமிழ் இணைப்புத் தொகுதியாக 51 குறியீடுகளுடன் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற தனிக் கோப்பு உண்டு. அது மற்றவற்றைப் போல் செரிஃப் வடிவில், அதாவது கோடுகளின் முனையில் சிறு நீட்சியுள்ள வடிவில், இல்லை என்பது வருத்தத்திற்குரியது. அந்தக் குறிகளைச் சுற்றியுள்ள தமிழ் எழுத்தோடு ஒப்பிட்டு எழுத்தளவை அரைப் புள்ளி கூட்டியோ குறைத்தோ வைத்தால் கண்ணை உறுத்தாது.

பிராமிக்கு நோட்டோ சான்ஸ் பிராமியை நிறுவும்போது பதிப்பைக் கவனியுங்கள். யூனிகோடில் பிராமித் தொகுதி 2010இல் வந்தபோதே ழ, ற, ன ஆகிய மூன்றும் அதில் இருந்தன. தமிழ்ப் பிராமிக்கே உரிய புள்ளியும், குறில் எகர ஒகரங்களும், ளகரமும் 2021ஆம் ஆண்டின் யூனிகோடு 14ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றன. லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியத்தில் பழைய பொதி கிடந்தால் இவை கிடைக்கா. நோட்டோ திட்டத்தின் தளத்திலிருந்தே நேரடியாகப் பதிவிறக்குங்கள்.

மறுமொழி: வைகைக்கரை

மேலே கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் எழுத்துருவை நிறுவிய பின்னும் பெட்டி மறையவில்லை என்று பலர் வந்து கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துருவன்று, செயலியின் அமைப்பே. லிப்ரே ஆபிஸ் எழுத்துகளை மேற்கத்தியம், ஆசியம், சிக்கலான எழுத்தமைப்பு என்று மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்துருவை வைத்துக்கொள்கிறது. தமிழ், கிரந்தம், பிராமி மூன்றுமே மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அந்த வகையை மொழி அமைப்புகளில் இயக்காமல் மேற்கத்திய எழுத்துருவை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் தமிழில் எந்த மாற்றமும் தெரியாது.

ஒரு பத்தியின் மூன்றாம் வகைக்கு ஓர் எழுத்துருவைத்தான் குறிப்பிட முடியும் என்பது அடுத்த இடர். அங்கே நோட்டோ செரிஃப் தமிழைக் கொடுத்தால், கிரந்தச் சொல்லுக்குச் செயலி தானாகவே வேறோர் எழுத்துருவைத் தேடி எடுத்துக்கொள்ளும். அது உங்கள் கணினியில் ஒன்றாகவும் நெறியாளர் கணினியில் வேறொன்றாகவும் அமையக்கூடும். எனவே கிரந்தத்துக்கு ஒன்று, அளவைக் குறிக்கு ஒன்று, பிராமிக்கு ஒன்று என மூன்று எழுத்துப் பாணிகளை முன்கூட்டியே உருவாக்கி, தட்டச்சு செய்யும்போதே இட்டுச் செல்லுங்கள். முந்நூறு பக்கம் முடிந்த பின்பு இதைச் செய்வது பெரும்பாடு.

கிரந்தம், அளவைக் குறி, பிராமி ஆகிய இந்த மூன்று தொகுதிகளும் யூனிகோடின் முதல் 65,536 இடங்களுக்கு அப்பால் இருப்பவை. அப்பகுதியைக் கையாளத் தெரியாத பழைய செயலிகளில் எந்த எழுத்துருவை நிறுவினாலும் பயனில்லை.

மறுமொழி: மலைச்சாரல்

ரோமன் பகுதிக்கு மட்டும் நான் ஜென்டியத்தைப் பரிந்துரைப்பேன். விக்டர் கோல்ட்னி வடிவமைத்து எஸ்ஐஎல் அமைப்பு வெளியிட்ட அந்த எழுத்துரு, இலத்தீன், கிரேக்கம், சிரிலிக் மூன்றையும் விரிவாகத் தாங்கும். எழுத்துப்பெயர்ப்பில் ழ, ற, ன ஆகியவற்றுக்கு அடியில் கோடிட்ட எழுத்துகளும், ட, ண, ள ஆகியவற்றுக்கு அடியில் புள்ளியிட்ட எழுத்துகளும் வேண்டும். இவை இல்லாத எழுத்துருவில் சோழன் என்னும் பெயரை எழுதிப் பாருங்கள்: ழகரத்துக்குரிய எழுத்தும் இறுதி னகரத்துக்குரிய எழுத்தும் மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து, சொல்லின் நடுவில் தடித்தும் உயர்ந்தும் நிற்கும். ஆய்வேட்டில் இது பக்கத்துக்குப் பத்து இடங்களில் நிகழும். நோட்டோ செரிஃபிலும் இவ்வெழுத்துகள் உள்ளன என்பது உண்மையே. எனினும் சாய்வெழுத்தில் நீண்ட மேற்கோள் தரும்போது ஜென்டியம் தமிழோடு மென்மையாக இசைகிறது என்பது என் எண்ணம்.

ஃப்ரீசெரிஃப் என்னும் குனு எழுத்துருவை யாராவது பரிந்துரைக்கக்கூடும். ஒரே கோப்பில் தமிழ் உட்படப் பல எழுத்துமுறைகளைத் தரும் நல்ல முயற்சி அது. ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2012இல் வந்தது. கிரந்தம் யூனிகோடில் சேர்ந்ததோ 2014இல்.

மறுமொழி: பொன்னி_ஆய்வு

மூவருக்கும் மிக்க நன்றி. பாணிகளை உருவாக்கியதும் பெட்டிகள் மறைந்துவிட்டன. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. எங்கள் துறையிலிருந்து கிடைத்த பழைய பாடங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. அவற்றில் நோட்டோவைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகிறது. சில பாடங்கள் வட்டெழுத்தில் உள்ளவை. அவற்றுக்கும் எழுத்துரு உண்டா?

மறுமொழி: அச்சுக்கோப்பு

பாமினி யூனிகோடு எழுத்துரு அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பதால், எழுத்துருவை நீக்கினால் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகளே வெளிப்படும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் முதலில் உரையை யூனிகோடாக்குங்கள். பாமினிப் பகுதியை மட்டும் தேர்ந்து கொடுங்கள். உண்மையான ஆங்கிலச் சொற்களும் உடன் சென்றால் அவையும் தமிழ் எழுத்துகளாகச் சிதையும். மாற்றிய பின் கொம்பும் காலும் இணையும் கொ, கோ, கௌ வரிசைகளைக் கண்ணால் சரிபாருங்கள். பழைய முறையில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டச்சிடப்பட்டது, யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

வட்டெழுத்துக்கு யூனிகோடில் தனித் தொகுதி இன்னும் ஒதுக்கப்படவில்லை. பாடத்தை இக்காலத் தமிழில் பெயர்த்தெழுதி, மூலத்தை, கல்லின் மேல் தாள் ஒற்றி எடுத்த மைப்படியின் படமாகச் சேர்ப்பதே சரி.

நூல் வெளியீட்டைப் பொறுத்தவரை, நோட்டோவும் ஜென்டியமும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் உள்ளவை. எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்பதைத்தான் அவ்வுரிமம் தடுக்கிறது. அதைக் கொண்டு அச்சிட்ட நூலை விற்கவும், பிடிஎஃப் கோப்பில் பதித்து வழங்கவும் தடையில்லை. அச்சகத்துக்கு ஆவணக் கோப்பை அனுப்பாமல், எழுத்துருக்கள் பதிக்கப்பட்ட பிடிஎஃப்பையே அனுப்புங்கள். அனுப்பும் முன், பிடிஎஃப்பின் பண்புகள் பக்கத்தில் ஐந்து எழுத்துருக்களும் பதிக்கப்பட்டவையாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்றும், நீங்கள் தேர்ந்தெடுக்காத ஆறாவது பெயர் ஏதேனும் நுழைந்துள்ளதா என்றும் பாருங்கள். நுழைந்திருந்தால் எங்கோ ஒரு சொல்லுக்குப் பாணி இடப்படவில்லை என்று பொருள்.