ஆச்சி வீடு, கல்லிடைக்குறிச்சி

முத்து: முழங்கால் எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்துவிட்டது. ஜவ்வு கிழியவில்லை. தொடை எலும்பின் நுனியை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு ஓரிடத்தில் பெயர்ந்திருக்கிறதாம். 2.5 சதுர செ.மீ.

சங்கரன் மாமா: கபடி வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டியால?

கோமதி அக்கா: மாமா, திட்டு அப்புறம். டாக்டர் என்ன சொன்னார் முத்து?

முத்து: எலும்பில் பொடிப்பொடியாகத் துளை போடுவது ஒன்று. இல்லாவிட்டால் என் குருத்தெலும்புச் செல்லையே எடுத்து வளர்த்து வைப்பது. அதில் செலவும் கூட, ஆபரேஷனும் இரண்டு தடவை.

சங்கரன் மாமா: கட்டுப் போட்டுக் கிடந்தால் தானாகச் சேராதா? எனக்குக் கை முறிந்தபோது சேர்ந்ததே.

கோமதி அக்கா: எலும்பில் ரத்தம் ஓடுகிறது, சேரும். குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது மாமா. அதனால்தான் துளை. மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து உறைந்து, அதிலிருந்து புதுத் திசு வளரும். ஆனால் அது நார்த்திசு, அசல்போல வழவழப்பு வராது, சில வருஷத்தில் தேயவும் செய்யும். சின்னக் குழிக்குச் சரி. விளையாடுகிற பையனுக்கு இரண்டரை என்றால் நான் யோசிப்பேன்.

முத்து: செல் வளர்ப்பது புதுசா? என்னை வைத்துப் பழகிவிடுவார்களோ?

கோமதி அக்கா: 1987லேயே ஸ்வீடனில் செய்துவிட்டார்கள்! துளி குருத்தெலும்பை எடுத்து லேபில் சில வாரம் வளர்த்து, மறுபடி திறந்து வைப்பார்கள். பாரம் அதிகம் விழாத ஓரத்திலிருந்து எலும்போடு குச்சி குச்சியாக எடுத்துக் குழியில் நடுவதும் உண்டு. அதுவும் சின்னக் குழிக்குத்தான். முதலில் நின்றபடி எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேள். கால் வளைந்திருந்து, அதை நிமிர்த்தாமல் எதைச் செய்தாலும் பாழ்.

பெரியத்தை: ஏட்டி கோமதி, எனக்கும் அந்தச் செல் வைக்கலாமா? மாடிப்படி ஏற முடியவில்லை.

கோமதி அக்கா: அவனுக்குப் பத்தமடைப் பாயில் எலி கடித்த ஓட்டை அத்தை. உங்களுக்குப் பாயே நைந்துபோயிருக்கிறது. ஒட்டுப் போட்டால் தையல் எங்கே பிடிக்கும்?

பெரியத்தை: என் கால்முட்டைக் கோரைப்பாய் ஆக்கிவிட்டாள் பார்!

கோமதி அக்கா: சொல்லித்தந்த தொடைப் பயிற்சியைச் செய்கிறீர்களா, அதைச் சொல்லுங்கள். எடையும் குறையட்டும். அதற்கும் கேட்காவிட்டால் முட்டு மாற்று ஆபரேஷன்.

முத்து: ஊன்றுகோல் எத்தனை நாள்?

கோமதி அக்கா: துளை போட்டால் பெரும்பாலும் ஆறு வாரம் காலை ஊன்ற விடமாட்டார்கள். செல் என்றால் களத்தில் இறங்க ஒரு வருஷம் ஆகும்.

சங்கரன் மாமா: அப்போ ஆனியில் நெல்லையப்பர் தேர் இழுக்க வரமாட்டாய்.

முத்து: நீங்கள் இழுங்கள் மாமா. நான் வாகையடி முக்கில் நாற்காலி போட்டுப் பார்க்கிறேன்.

பெரியத்தை: எனக்கும் ஒன்று போடுல.