மண்டபத்துக்குள் எடுத்த படமெல்லாம் கலங்கல்

புதுக்கேமரா:
போன மாதம்தான் முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கினேன், கூடவே வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ். பகலில் மொட்டைமாடியில் எடுத்தால் அருமை. அக்கா மகளின் சலங்கை பூஜையில் 200 படம் எடுத்தேன், பத்துகூடத் தேறவில்லை. கையெல்லாம் புகை மாதிரி. ஃப்ளாஷ் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஆட்டோவில்தான் வைத்திருந்தேன். கேமராவில் கோளாறா?

ஃபிலிம் காலத்து ஆள்:
படத்தின் விவரத்தில் ஷட்டர் வேகம் எவ்வளவு என்று பாருங்கள்.

புதுக்கேமரா:
1/30 நொடி சார்.

ஃபிலிம் காலத்து ஆள்:
அதுதான் விஷயம். அந்த நேரத்துக்குள் அடவு பிடிக்கும் கை நாலு விரற்கடை நகர்ந்துவிடும். லென்ஸில் இருக்கும் நடுக்கம் குறைக்கும் வசதி உங்கள் கைக்குத்தான், ஆடுகிற பிள்ளைக்கு அல்ல. டயலை ஷட்டர் முன்னுரிமைக்கு, அதாவது வேகத்தை நீங்களே வைக்கும் முறைக்கு, திருப்பி 1/250 வையுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, 3200 வரை போகட்டும். படம் புள்ளி புள்ளியாக வந்தால் அதைப் பிறகு கம்ப்யூட்டரில் குறைக்கலாம். கலங்கலை ஒன்றும் செய்ய முடியாது.

கல்யாண வீட்டு போட்டோகிராபர்:
ஜூமை முழுக்க இழுக்காதீங்க தம்பி. 55-இல் எஃப் 5.6தான் கிடைக்கும், 18-இல் எஃப் 3.5. எஃப் எண் சின்னதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் விடும். முன்வரிசையில் உட்காருங்க. அப்புறம் காசு சேர்ந்தால் 50 எம்எம் எஃப் 1.8, வெளிச்சம் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு.

புதுக்கேமரா:
ராத்திரி தங்கையைத் தட்டாமாலை சுற்ற விட்டு எடுத்தேன். பாவாடை விளிம்புகூடத் தெளிவு! கொஞ்சம் இருட்டாக இருக்கிறது, சரி, அது நாளைக்கு.