அடுத்த ஊரடங்கு வருவதற்குள் புலம்பெயர் தொழிலாளர் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

மலர்:
வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளர்களுக்காக ஒரு பக்க வழிகாட்டி தயாரிக்கிறோம். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் ஊரடங்கு. சில நாட்களிலேயே கையில் காசில்லாமல் ஊரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மாதம் முழுக்க உழைத்தவர்களிடம் ஏன் பணமில்லை? நிவாரணம் ஏன் பலருக்குக் கிடைக்கவில்லை? இப்போதே எதைச் சரிசெய்து வைக்கலாம்?

குமரேசன்:
காரணம் கூலி தரும் முறைதான். ஊரிலேயே முன்பணம் கொடுத்து அழைத்து வருவார்கள். வாரத்துக்கொரு முறை செலவுக்காசு மட்டும். மீதியை ஊருக்குக் கிளம்பும்போது கணக்கு முடித்துத் தருவதாகப் பேச்சு. வேலை நின்றால் கம்பெனி பில் பாஸ் பண்ணாது, ஒப்பந்தக்காரர் கையை விரிப்பார், மேஸ்திரி போனை அணைத்துவிடுவார்.

சம்பளத்தில் பிடித்தம் கூடாது, ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் ஆணை போட்டது. மே 18 முதல் அதுவும் இல்லை. ஆணை இருந்த நாட்களிலும் எதைக் காட்டிக் கேட்பது? மேஸ்திரி நோட்டில் 'ராஜு 6, ராஜு தம்பி 5½' என்று நாள் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

அதனால் தொழிலாளியிடம் சொந்தமாக ஒரு சின்ன நோட்டு வேண்டும். தேதி, முழு நாளா அரை நாளா, வாங்கிய காசு. சனிக்கிழமை மேஸ்திரியிடம் கையெழுத்து. மறுத்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், தேதியோடு பதிவாகிவிடும். வேலையிடத்துப் பெயர்ப்பலகையையும் படமெடுக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளிதான், அதாவது அவருக்கு வேலையைக் கொடுத்த கம்பெனிதான், தர வேண்டும். 1979ஆம் வருட மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்திலேயே இது இருந்தது. அந்த முதலாளி யாரென்று தெரியாமல் மனு எழுத முடியாது.

தேவி:
ரேஷனைப் பற்றி. சொந்த ஊர் அட்டைக்கு வேறு மாநிலத்து ரேஷன் கடையிலும் பொருள் வாங்கும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை, எண் போதும். தன் பங்கை மட்டும் இங்கே வாங்கிக்கொண்டு மீதியை ஊரில் குடும்பத்துக்கு விட்டுவைக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

சிக்கல் மூன்று இடத்தில் வரும். அட்டையில் அவர் பெயரோடு ஆதார் இணைந்திருக்காது. வெளியூர் போய்விட்டார் என்று பெயரையே நீக்கியிருப்பார்கள். அல்லது சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் ரேகை தேய்ந்து கருவி விரலை ஏற்காது. முதல் இரண்டையும் ஊருக்குப் போகும்போதே முடித்துவிட வேண்டும். மூன்றாவதற்கு, ஆதாரில் இப்போதைய செல்பேசி எண்ணைச் சேர்த்து, ரேகையையும் புதுப்பித்து வையுங்கள். வேறு விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விரலோடு திருப்பி அனுப்புவது தவறு.

பாலு:
கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவை விட்டுவிடாதீர்கள். வயது 18 முதல் 60, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை. 2020இல் வாரியங்கள் தந்த நிவாரணம் பதிவு பெற்றவர்களுக்குத்தான் போனது; புதுப்பிக்கத் தவறியவர்கள் பலர் விடுபட்டார்கள்.

வங்கிக் கணக்கு இன்னொரு ஓட்டை. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே போகும். அது இரண்டு வருடமாகத் தொடாத கணக்காக இருந்தால் முடங்கிக் கிடக்கும்.

மலர்:
நன்றி தோழர்களே. முன்பணத்தையும் நோட்டில் எழுதச் சொல்லலாமா? கடன் ஒப்புதலாக ஆகிவிடாதா?

குமரேசன்:
கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், வாங்கிய தேதியோடு. எழுதாத முன்பணம்தான் கணக்கு முடிக்கும்போது இரட்டிப்பாகி நிற்கும். ஒவ்வொரு வாரமும் எவ்வளவு கழித்தார்கள் என்பதும் அடுத்த வரியிலேயே இருக்கட்டும்.