ஆங்கில வினைச்சொல் பழக்க சயான், மாதுங்கா பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்திருக்கும் என் அண்ணி ஒரு கிளினிக்கில் ரிசப்ஷன் வேலைக்குச் சேரப்போகிறார். ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேசத்தான் தயக்கம்.

'ஹீ', 'ஷீ', 'இட்' வந்தால் நிகழ்காலத்தில் எஸ் சேர்ப்பது பிடிபட்டுவிட்டது. நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி போடும் நமக்கு அது ஒரு சுமையா என்ன! தகராறெல்லாம் இறந்தகாலத்தில். எழுத்தில் ஒரே 'ஈடி'தான், வாயில் மூன்று விதம். 'வாக்', 'ஹெல்ப்' முடிவில் ஏறக்குறைய 'பாட்டு' என்பதில் வரும் ஒலி. 'கால்', 'ஓபன்' முடிவில் 'பாடு' என்பதில் வருவது. 'வெயிட்', 'நீட்' போன்றவற்றில் மட்டும் 'இட்' என்று தனி அசை. அண்ணி எல்லாவற்றையும் 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்' என்கிறார். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம்.

அப்புறம் ஸ்பெல்லிங். 'ஸ்டாப்'புக்குக் கடைசி எழுத்து இரட்டிக்கிறது, 'விசிட்'டுக்கு இல்லை. முதல் அசையில் அழுத்தம் விழுவதால் என்று நான் விளக்கினேன், அவருக்கு அந்த அழுத்தமே காதில் விழவில்லை.

ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பேசிப் பழக்க யாராவது பெண்கள் கிடைத்தால் நல்லது. கட்டணம் தருகிறோம். தமிழ் விளக்கத்தோடு ஆடியோ பயிற்சி இருந்தாலும் சொல்லுங்கள். இலக்கணப் புத்தகம் மட்டும் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது.