மூடிய எக்ஸெல் ஃபைல் தானாகத் திறக்கிறது, உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பின்னலாடைக் கணக்கு:
ரொம்ப நாளாக உறுத்துகிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சம்பளப் பட்டியல் ஒரு எக்ஸ்எல்எஸ்எம் ஃபைல், அதாவது மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) உள்ள எக்ஸெல் ஃபைல், எனக்கு முன்னால் இருந்தவர் செய்து வைத்தது. அன்றைக்கு அதை மூடிவிட்டு, பையர் தரப்பிலிருந்து வந்த மெர்ச்சண்டைசருக்கு ஆர்டர் ஷீட்டைத் திறந்து டெலிவரி தேதிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு பாதியில் இருக்கும்போது திரை ஒருமுறை மினுங்கியது. மூடிய சம்பள ஃபைல் முன்னால் வந்து நிற்கிறது. கட்டிங் மாஸ்டரிலிருந்து மேனேஜர் வரை எல்லார் சம்பளமும்! அவர் ஒன்றும் பார்க்காதவர் மாதிரி தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருக ஆரம்பித்தார். அவசரமாக மூடினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது.

வைரஸ் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆன்டிவைரஸ் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆல்ட் எஃப்11 அழுத்தி, மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டரில் பார்த்தால் திஸ்ஒர்க்புக்கில் ஒர்க்புக்_ஓப்பன் (ஃபைல் திறந்ததும் ஓடும் மேக்ரோ), அதற்குள் அப்ளிகேஷன்.ஆன்டைம் என்று ஒரு வரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் செய்யச் சொல்லியிருக்கிறார். அந்த வரியை எடுத்தால் தொல்லை நிற்கிறது, ஆனால் ஆட்டோசேவும் போய்விடுகிறது. அடிக்கடி கரண்ட் போகிற இடம், அது எனக்கு வேண்டும். என்ன செய்யலாம்?

ஃபீஸ் கவுன்ட்டர்:
திறக்கும்போது ஷிப்ட் விசையை விடாமல் பிடித்திருங்கள். ஒர்க்புக்_ஓப்பன், அதே வேலையைச் செய்யும் பழைய ஆட்டோ_ஓப்பன் இரண்டுமே ஓடாது. இது தெரியாமல் எங்கள் ஊரில் ஒரு டியூஷன் சென்டர் பட்ட பாடு இருக்கிறதே!

ஃபீஸ் ரசீது ஃபைல். செய்து கொடுத்த பையன் வேலையை விட்டுப் போகும்போது, மார்ச் 31 தாண்டினால் திறந்த உடனே மூடிக்கொள்கிற மாதிரி எழுதிவிட்டுப் போயிருக்கிறான். நான் போனது ஜூனில். கவுன்ட்டரில் இருந்த அக்கா பதற்றமே இல்லாமல் "இருங்க தம்பி" என்று சொல்லி, கம்ப்யூட்டர் தேதியை மார்ச் 30-க்குத் தள்ளி, ஃபைலைத் திறந்து ரசீது அடித்தார். ரசீதிலும் மார்ச் 30. அதைப் பேனாவால் அடித்து, மேலே அன்றைய தேதியை எழுதி, சீலைக் குத்தினார். பக்கத்தில் ஒரு கட்டு முழுக்க அப்படி அடித்துத் திருத்திய ரசீதுகள்.

நான் ஷிப்டைப் பிடித்துத் திறந்தேன், ஃபைல் மூடாமல் நின்றது. ஆனால் "மேக்ரோவை எனேபிள் செய்யவும்" என்று ஒரே ஒரு ஷீட். மற்றதெல்லாம் வெரிஹிடன், அன்ஹைட் பட்டியலில்கூட வராது. கோடுக்கும் பாஸ்வேர்ட். விபிஏ எடிட்டரில் கன்ட்ரோல் ஜி அழுத்தி, கட்டளையை உடனே ஓட்டும் இமீடியட் விண்டோவில் எல்லா ஷீட்டையும் விசிபிள் ஆக்குகிற ஒரு வரி லூப் போட்டேன், எல்லாம் வந்துவிட்டன. ப்ராஜெக்ட் பாஸ்வேர்ட் கோடைத்தான் பூட்டும். ஒர்க்புக் ஸ்ட்ரக்சரையும் பூட்டியிருந்தால் இந்த வேலை பலித்திருக்காது, பையன் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

மருந்து ஸ்டோர்:
ஃபீஸ் கவுன்ட்டர் சார், அவர் ஆட்டோசேவ் வேண்டும் என்கிறார், நீங்கள் மேக்ரோவே ஓடாமலிருக்க வழி சொல்கிறீர்கள். அதுவும் ஷிப்ட்! அந்த ஷிப்டால்தான் நான் ராத்திரித் தூக்கம் கெட்டேன்.

ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வார்டு வாரியாக வரும் ஸ்டாக் ஃபைல்களை ஒன்றாக்க ஒரு மேக்ரோ. ஷார்ட்கட் கன்ட்ரோல் ஷிப்ட் எம், ஐடி பிரிவு வைத்துக் கொடுத்தது. அழுத்தினால் முதல் ஃபைல் திறக்கும், அதோடு சரி. எரர் மெசேஜ் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஐடி பையனைக் கூப்பிட்டால் எடிட்டரில் எஃப்5 தட்டுவான். கடைசி வார்டு வரை கடகடவென்று ஓடி முடியும். "நல்லாத்தானே ஓடுது?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போவான். அவன் லிஃப்ட் ஏறியதும் நான் அழுத்துவேன், முதல் ஃபைலோடு நிற்கும்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒர்க்புக்ஸ்.ஓப்பன் வரி ஓடும் நேரத்தில் விரல் ஷிப்டில் இருந்தால், திறக்கும்போது மேக்ரோவைத் தடுக்கச் சொல்கிறோம் என்று எக்ஸெல் எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் மேக்ரோவையே நிறுத்திவிடும். ஷார்ட்கட்டை ஷிப்ட் இல்லாமல் மாற்றியதும் தீர்ந்தது. ஐடி பையனிடம் சொன்னேன். "ஓ" என்றான்.

பழைய விபிஏ:
பின்னலாடைக் கணக்கு, உங்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆன்டைம் என்பது எக்ஸெல்லிடம் வைத்துவிட்டு வருகிற அலாரம். ஃபைலை மூடினாலும் எக்ஸெல் திறந்திருக்கும்வரை அலாரம் அங்கேயே இருக்கும். நேரம் வந்ததும் மேக்ரோவைத் தேடி ஃபைலையே திறந்துவிடும். அதனால் ஒர்க்புக்_பிஃபோர்குளோஸில் (ஃபைல் மூடும் முன் ஓடும் மேக்ரோ) அதே ஆன்டைமை ஷெட்யூல் ஃபால்ஸ் என்று கொடுத்து ரத்து செய்ய வேண்டும். நேரம் நொடி பிசகாமல் முன்பு கொடுத்ததாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 1004 எரர். அந்த நேரத்தை ஒரு பப்ளிக் வேரியபிளில் (எல்லா மேக்ரோவும் படிக்கக்கூடிய நினைவிடம்) வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னலாடைக் கணக்கு:
நன்றி ஐயா, நின்றுவிட்டது. ஆனால் ஒரே ஒரு நாள் மட்டும் பழையபடி வந்தது. அன்றைக்கு பிஎஃப் மேக்ரோவில் ஏதோ எரர் வந்து, 'எண்ட்' பட்டனை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பழைய விபிஏ:
அதுதான். எண்ட் அழுத்தினால் வேரியபிள் எல்லாம் காலி, அலாரம் மட்டும் மிச்சம். நேரத்தை ஒரு மறைந்த ஷீட்டின் செல்லில் எழுதி வையுங்கள்.

சங்கத்து மேஜை:
என் கதை வேறு மாதிரி. ஒரு கடன் சங்கத்தில் வரவேட்டு ஃபைல். திறந்ததும் "பழைய பதிவுகளை அழிக்கலாமா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் போன வருஷத்து வரிகளைத் துடைத்துவிடும். எழுதிய ஒப்பந்தக்காரர் ஆங்கிலத்தில் வைத்திருந்தார். தமிழில் வேண்டும் என்று மேலிடம் சொன்னதும் தமிழை அப்படியே எடிட்டரில் ஒட்டிவிட்டார். விபிஏ எடிட்டர் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீடு) அறியாதது. ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறி ஆகிவிட்டது.

மறுநாள் காலை மேஜையில் இருந்த அம்மா ஃபைலைத் திறந்தார். பெட்டி முழுக்க கேள்விக்குறிகள், கீழே யெஸ், நோ. "என்னங்க இது, இத்தனை கேள்வி கேக்குது?" என்றார். நான் எழுந்து வருவதற்குள் யெஸ். எல்லாம் போயிற்று. வழக்கமாக யெஸ் அழுத்தினால்தான் ஃபைல் திறக்கும் என்பது அவர் பழக்கம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒப்பந்தக்காரர் மட்டும், "படிச்சுப் பார்த்து அழுத்தணும்ல?" என்று கேட்டார் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை. எதைப் படிப்பது?

இப்போது தமிழ் வாசகங்கள் ஒரு ஷீட்டில் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்து யூசர்ஃபார்ம் (நாமே வடிவமைக்கும் பெட்டி) லேபிளில் காட்டுகிறோம், ஒழுங்காகத் தெரிகிறது. மெசேஜ் பாக்ஸை நம்ப வேண்டாம், செல்லிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் அங்கே கேள்விக்குறிதான்.

ஆடிட் உதவியாளர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளையன்ட் மெயிலில் அனுப்பிய ஃபைலில் மேக்ரோ ஓடவில்லை, அதே ஃபைலைப் பென்டிரைவில் கொண்டு வந்தால் ஓடியது. ஆபீஸில் ஒரு பென்டிரைவுக்கு 'ராசியானது' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஷிப்டைப் பிடி, எண்டை அழுத்தாதே என்பதெல்லாம் அப்புறம். முதலில் மேலே வரும் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் எனேபிள் கன்டென்ட் பட்டன் இருக்கும். சிவப்பு என்றால் இருக்காது. 2022-இல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வந்த ஃபைல்களின் மேக்ரோவைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. ஜூலையில் ஒருமுறை பின்வாங்கி, அதே மாதம் மறுபடி கொண்டுவந்தது. இணையத்திலிருந்து வந்தது என்கிற குறி ஃபைலோடு ஒட்டி என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் வடிவம்) டிஸ்க்கில் நிற்கும். பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய வடிவம், அதற்கு அந்தக் குறியைத் தாங்கத் தெரியாது, காப்பி செய்யும்போது உதிர்ந்துவிடும். ராசி எல்லாம் இல்லை.

அனுப்பியவரிடம் போனில் கேட்டு உறுதி செய்துவிட்டு, ஃபைல் ப்ராபர்டீஸில் அன்பிளாக் செய்வதுதான் முறை. தினமும் புழங்கும் ஃபைல் என்றால் டிரஸ்டட் லொகேஷனில் (எக்ஸெல் நம்பும் இடங்களின் பட்டியல்) ஒரு ஃபோல்டர் வையுங்கள், டவுன்லோட்ஸை மட்டும் அதில் சேர்த்துவிடாதீர்கள். சிலர் 'எனேபிள் ஆல் மேக்ரோஸ்' வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். 1996-இல் வந்த லாரூ என்கிற எக்ஸெல் வைரஸ் இந்த ஆட்டோ_ஓப்பன் வழியாகத்தான் ஓடியது. பெர்சனல்.எக்ஸ்எல்எஸ் என்று தன்னை எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரில் (இதிலுள்ள ஃபைல்களை எக்ஸெல் தொடங்கும்போதே திறந்துவிடும்) போட்டுக்கொண்டு, பிறகு திறக்கும் ஃபைல்களுக்கெல்லாம் பரவியது. இன்றைக்கும் என்ன ஃபைல் திறந்தாலும் ஏதோ ஓடுகிறது என்றால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது எக்ஸ்எல்ஸ்டார்ட்தான்.

மருந்து ஸ்டோர்:
இதுதான் சுருக்கமா சார்? பென்டிரைவ் சமாச்சாரத்தைப் பொதுவில் சொல்லிவிட்டீர்கள், நாளையிலிருந்து எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஆடிட் உதவியாளர்:
ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

குடோன் ரெஜிஸ்டர்:
எங்கள் குடோனில் மானிட்டர் மேல் ஒரு ஸ்டிக்கர்: "முதலில் ஸ்டாக். பிறகு வருகைப் பதிவு. மாற்றித் திறக்காதே." ஏன் என்று யாருக்கும் தெரியாது. மாற்றித் திறந்தால் ஸ்டாக் ஃபைலில் தேதி தானாக விழாது, பார்கோடு அடித்தாலும் வரி நகராது.

வருகைப் பதிவு ஃபைல் திறந்ததும் எனேபிள்ஈவென்ட்ஸை (தானாக ஓடும் ஈவென்ட் மேக்ரோக்களுக்கான சுவிட்ச்) ஃபால்ஸ் ஆக்குகிறது. நடுவில் ஓர் ஆளின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் எக்ஸிட் சப் என்று வெளியே வந்துவிடுகிறது. திரும்ப ட்ரூ ஆக்கும் வரி அதற்குக் கீழே இருக்கிறது. எக்ஸெல்லை முழுக்க மூடும்வரை அதன் பிறகு எந்த ஃபைலிலும் ஒர்க்புக்_ஓப்பன் ஓடாது, சேஞ்ச் ஈவென்ட்டும் (செல் மாறியதும் ஓடுவது) ஓடாது; ஸ்டாக் வேலையை முதலில் முடித்துவிட்டால் இது தெரியாது. இமீடியட் விண்டோவில் அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸ் ஈக்வல் டு ட்ரூ என்று அடித்தேன், பார்கோடு ஓட ஆரம்பித்தது. வெளியேறும் எல்லா வழியும் அந்த ட்ரூ வரியைத் தொட்டுவிட்டுப் போகிற மாதிரி மாற்றியாயிற்று.

ஸ்டிக்கரைக் கிழிக்கப் போனேன், சூப்பர்வைசர் அண்ணன் விடவில்லை. "இருக்கட்டும்பா, அதுபாட்டுக்கு இருக்குது" என்கிறார்.

ஃபீஸ் கவுன்ட்டர்:
எக்ஸிட் சப்புக்குப் பதிலாக கோடூ (வேறு வரிக்குத் தாவச் சொல்வது) போட்டீர்களா, எரர் ஹேண்ட்லரா (எரர் வந்தால் ஓடும் பகுதி)? எங்கள் ரசீது ஃபைலிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது.

குடோன் ரெஜிஸ்டர்:
இரண்டும். ஆன் எரர் கோடூ வைத்து, முடிவில் தாவிச் சேரும் இடமாக ஒரே ஒரு லேபிள். பெயர் இல்லாவிட்டாலும் அங்கேதான் போகும், எரர் வந்தாலும் அங்கேதான்.