ப்ராக்ஸிக்குப் ‘பதிலி’ சரிதானா?

குன்னூரிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். சனி, ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்குச் சொல்லித் தருகிறேன். பெரிய நிறுவனங்களில் ஃபயர்வாலையும் (போய் வரும் தரவைச் சோதித்து விடுவது) ப்ராக்ஸி சர்வரையும் (பயனருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்பது) நிர்வகிக்கும் வேலைக்கான பாடம். தேர்வு என்னவோ ஆங்கிலத்தில்தான். ஆனால் விஷயம் மண்டையில் ஏற வேண்டுமே, அதற்காகக் குறிப்பைத் தமிழில் எழுதித் தருகிறேன்.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “சார், வெப் சர்வர் படுத்துடுச்சுன்னா பதிலி வந்து அந்த வேலையைப் பார்க்குமா?”

முதலில் எரிச்சல்தான் வந்தது, இரண்டு வாரமாக அதைத்தானே நடத்துகிறேன் என்று. அப்புறம்தான் உறைத்தது. அவளுடைய அப்பா கோவையில் ஒரு மில்லில் பதிலித் தொழிலாளியாக இருந்தவர். நிரந்தர ஆள் வராத அன்று அவர் இடத்தில் நிற்பவர்தான் பதிலி. நான் குறிப்பில் ‘பதிலி சேவையகம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அவள் சொல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். தப்பு என் சொல்லில்.

ப்ராக்ஸி யாருடைய இடத்திலும் உட்காருவதில்லை. கேட்பவரும் இருக்கிறார், கொடுப்பவரும் இருக்கிறார், நடுவில் இது போய் வருகிறது. வகுப்பில் தேயிலை ஏஜென்டை வைத்துத்தான் புரிய வைத்தேன். சிறு விவசாயி பறித்த பச்சை இலையை ஏஜென்ட் எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். ஃபேக்டரிக்கு அது ஏஜென்டின் இலையாகத்தான் போய்ச் சேர்கிறது. எந்த மூட்டை எந்தத் தோட்டத்தில் பறித்தது என்பது அங்கே தெரியாது. மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடி வேறு மாதிரி. அங்கே நிறுத்திப் பார்க்கிறார்கள், சரியாக இருந்தால் அதே வண்டி மேலே ஏறுகிறது. ஏஜென்டிடம் உங்கள் வண்டி நின்றுவிடும். இலை மட்டும் வேறு வண்டிக்கு மாறும். பாக்கெட்டை, அதாவது தரவுப் பொட்டலத்தை, சோதித்து விடும் ஃபயர்வாலுக்கும் ப்ராக்ஸிக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்: ப்ராக்ஸியில் ஒரு தொடர்பு அங்கே முடிகிறது, இன்னொன்று அங்கிருந்து புதிதாகத் தொடங்குகிறது. அதனால்தான் வெளியே இருக்கும் சர்வரின் பதிவேட்டில் ப்ராக்ஸியின் முகவரி மட்டும் விழுகிறது.

இது பிடிபடாமல் தேர்வில் எதுவும் ஓடாது. ஃபயர்வாலும் ப்ராக்ஸியும் சேர்ந்த மென்பொருளான மைக்ரோசாஃப்ட்டின் ஐசா சர்வர் காலத்திலிருந்து இதே கதைதான். அதில் மூன்று வகை கிளையன்ட், அதாவது அதன் வழியாக வெளியே போகும் கணினி: ப்ரௌசரில் ப்ராக்ஸி முகவரி கொடுப்பது, கணினியில் தனி மென்பொருள் போடுவது, கேட்வேயை (வெளியே போகும் வழியை) மட்டும் ஐசா பக்கம் திருப்பிவிடுவது. மூன்றாவது வகையில் பயனர் யார் என்று சர்வருக்குத் தெரிய வழியே இல்லை, ஆள்வாரியாக அனுமதி கொடுக்க முடியாது. ஐசாவும் அதன் வாரிசான டிஎம்ஜி 2010-ம் போய்விட்டன. 2020 ஏப்ரலோடு டிஎம்ஜிக்கான ஆதரவும் முடிந்தது. கேள்வி மட்டும் போகவில்லை. இன்று ஸ்குவிட் என்கிற ப்ராக்ஸி மென்பொருளை வைத்துச் சொல்லிக் கொடுத்தாலும் ‘உள்ளே வருவது யார், அது ப்ராக்ஸிக்கு எப்படித் தெரியும்’ என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

சரி, ‘பதிலி’யை விட்டால் வேறு என்ன? ‘முகவர்’ என்று எழுதலாம், ஆனால் ஏஜென்ட் என்கிற பெயரில் நெட்வொர்க்கில் ஏற்கெனவே ஆயிரம் சாமான் இருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.

கூடலூரிலிருந்து:

அண்ணா, ப்ராக்ஸிக்கு முன்னால் ஃபயர்வாலைச் சரிபண்ணுங்கள். அதைத் தமிழில் ‘தீச்சுவர்’ என்றால் எனக்கு எரிகிற சுவர்தான் கண்ணுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் அது ஒரு கட்டடத்துத் தீ அடுத்ததற்குத் தாவாமல் இருக்கக் கட்டுகிற சுவர். நம் முதுமலைப் பக்கம் கோடைக்கு முன்னால் வனத்துறை புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுகிறதே, வேலை அதே வேலைதான். ஆனால் கோடு யாரையும் பார்த்து விடுவதில்லை. கணினி ஃபயர்வால் ஆள் பார்த்து விடும். அதனால் என் ஓட்டு ‘சாவடி’க்கு. 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு நம் ஊர்க் குழந்தைக்குக்கூட சாவடி என்றால் என்னவென்று தெரியும். பாஸ் இருக்கிறதா, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பது விதிப் பட்டியல்தானே?

கோத்தகிரியிலிருந்து:

தம்பி, நான் தமிழ் டீச்சர், ரிட்டையர் ஆகி நாளாகிறது. கம்ப்யூட்டர் தெரியாது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் தோன்றியதைச் சொல்கிறேன். ஒருவர் சார்பில் இன்னொருவரிடம் போய்ப் பேசி, பதில் வாங்கி வருவதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறதே, தூது. பழைய உரைகாரர்கள் தூதரை இரண்டாகப் பிரிப்பார்கள். சொன்னதை அப்படியே போய்ச் சொல்பவர் ‘கூறியது கூறுவார்’. இடமும் காலமும் பார்த்துத் தானே சொல்லை அமைத்துக்கொள்பவர் ‘வகுத்துக் கூறுவார்’. உங்கள் ப்ராக்ஸியில் இப்படி இரண்டு உண்டா?

குன்னூரிலிருந்து:

டீச்சர், உண்டு! இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ப்ரௌசர் ஒரு பாதுகாப்பான தளத்துக்குப் போகும்போது ப்ராக்ஸியிடம் இடத்தின் பெயரையும் போர்ட் எண்ணையும் மட்டும் சொல்லி ‘இணைத்து விடு’ என்கிறது. அதற்குப் பிறகு போவதும் வருவதும் ப்ராக்ஸிக்குப் புரியாத மறையீடு (என்கிரிப்ஷன்). வாங்கியதை அப்படியே நீட்டும். சாக்ஸ் ப்ராக்ஸியும் இதே ஜாதி. இது கூறியது கூறுவது. இன்னொரு வகை, கேட்பதைப் படித்துப் பார்க்கும். ‘இந்தத் தளம் கூடாது’ என்று மறுக்கும். தலைப்பு வரிகளை மாற்றும். நேற்று வாங்கி வைத்த பக்கத்தையே இன்று எடுத்துக் கொடுத்து, போகாமலே பதில் சொல்லும். மறையீட்டைப் பிரித்துப் படிக்கிற ப்ராக்ஸியும் இதில் சேர்ந்ததுதான். அதற்கு நிறுவனத்தின் டிஜிட்டல் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் நம்பச் சொல்லிப் போட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் ப்ரௌசர் எச்சரிக்கும். இது வகுத்துக் கூறுவது. தேர்வில் ‘எந்தச் சூழலில் எது’ என்று கேட்கும் பாதிக் கேள்விக்கு இந்த ஒரு பிரிப்பே வழிகாட்டும்.

ஆகவே என் குறிப்பில் ‘பதிலி’ போனது, ‘தூது’ வந்தது. சேவையகம் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தூதுச் சேவையகம்’.

சிக்கல் ரிவர்ஸ் ப்ராக்ஸியில். ‘எதிர்த்தூது’ என்று ஒரு பையன் எழுதினான். எதிரியின் தூது மாதிரி இருக்கிறது. அது திசை மாறியது மட்டுமல்ல, யாருக்கு வேலை செய்கிறது என்பதே மாறிவிட்டது. சாதாரணத் தூது கேட்பவரின் ஆள். ரிவர்ஸ் ப்ராக்ஸி கொடுப்பவரின் ஆள். அரண்மனை வாசலில் நின்று, வந்தவர் சொன்னதை உள்ளே கொண்டுபோய், ராஜா சொன்னதைத் திருப்பிச் சொல்கிற வாயிற்காவலன். வந்தவருக்கு உள்ளே எத்தனை மண்டபம் என்று தெரியாது. எஞ்சினிக்ஸ் என்கிற சர்வர் மென்பொருளை வைத்துப் பின்னால் நான்கு சர்வரை ஒளித்து வைப்பது அதுதான். ‘வாயில்’ என்று விட்டால் கேட்வேக்கு இருக்கும் ‘நுழைவாயி’லோடு முட்டும். அதனால் ‘வாயில்தூது’ என்று போட்டிருக்கிறேன். கொஞ்சம் இலக்கிய வாடை அடிக்கிறதுதான். மாணவி ஒரு முறை கேட்டுவிட்டு, “அப்ப தூது நம்ம ஆளு, வாயில்தூது அவங்க ஆளு” என்றாள். எனக்கு அது போதும்.

கூடலூர்த் தம்பிக்கு: சாவடி எனக்கும் பிடிக்கிறது. மலை ஏறும்போதுதான் பாஸ், இறங்கும்போது கேட்பதில்லை. உள்ளிருந்து தொடங்கிய தொடர்புக்கு வரும் பதிலை ஃபயர்வால் தனியாக விசாரிக்காமல் விடுவதும் அப்படித்தான். ஆனால் ஃபயர்வால் அந்தத் தொடர்புகளைப் பட்டியல் வைத்து நினைவில் பிடித்துக்கொண்டு விடுகிறது. பெரும்பாலான ஃபயர்வாலில் விதிகளை மேலிருந்து பார்ப்பார்கள், முதலில் பொருந்துவதே முடிவு, ஒன்றும் பொருந்தாவிட்டால் மறுப்பு. இதற்கும் சாவடி உதாரணம் நன்றாக உதவியது. உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், சொல்லாக வேண்டாம். ஃபயர்வாலுக்குத் ‘தீயரண்’ ஏற்கெனவே பலர் எழுதிப் பழகிய சொல், அதை அசைக்க எனக்குத் தெம்பில்லை.

ஒன்று பாக்கி. வாங்கி வைத்துக்கொள்ளும் கேஷுக்கு ‘பதுக்ககம்’ என்று குறிப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்துவிட்டு வகுப்பே சிரித்தது, ரேஷன் கடையில் சீனி பதுக்கினது போல இருக்கிறதாம். டீச்சர், இதற்கும் ஏதாவது கைவசம் இருக்கிறதா?